வலது கால் உருவம் போட்ட வெள்ளித் தகடு தொடர்பாக

பெயர் உமாபதி. தகப்பனார் பெயர் முத்துராமன். வயது 47. சொந்த ஊர் மயிலாடுதுறை. தற்சமயம் அபுதாபி முசஃபாவில் ஷாபியா பகுதியில் மனைவி ஷியாமளா, வயது 43, மகள் தாரிணி, வயது 15, ஆகியோருடன் குடியிருந்து வருகிறேன். கட்டுமானக் கம்பெனி ஒன்றில் சைட் இன்ஜினியர் வேலை. இந்த நாட்டுக்கு வந்து இருபத்தோரு வருடமாகிறது. 2025 நவம்பர் 5-ஆம் தேதி காலை பதினொரு மணிக்கு, முசஃபாவில் உள்ள சட்ட மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் திருமதி பாஹிமா முன்பாக ஆஜராகி, கிரீஸ் நாட்டு நீதிமன்றத்துக்கு அனுப்புவதற்காக, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் கீழ்க்கண்டவற்றைச் சொல்கிறேன். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தும் ஏன் தமிழில் சொல்கிறீர்கள் என்று திருமதி பாஹிமா கேட்டதற்கு, ஆங்கிலத்தில் ஏற்கனவே ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன், அது பொய் என்று சொன்னேன்.

மகளுக்குப் பள்ளியில் ஒரு வாரம் விடுமுறை கிடைத்ததால், அக்டோபர் 11-ஆம் தேதி நாங்கள் மூவரும் ஏதென்ஸ் போய் இறங்கி, அதன் பிறகு வாடகைக் கார் எடுத்துக்கொண்டு பெலப்பொனீசஸ் என்னும் தென்பகுதிக்குப் போனோம். எந்த நாள் எந்த ஊர், எத்தனை நிமிடம் என்று எக்ஸெல் ஷீட்டில் போட்டு வைத்திருந்தேன். கொரிந்து இடிபாடு ஐம்பது நிமிடம், மைசீனியின் சிங்க வாசல் நாற்பது நிமிடம், அதன் பிறகு ஒலிம்பியா, அதன் பிறகு மொனெம்வாசியா என்ற கடலோரக் கோட்டை ஊர். ஒவ்வொன்றும் முடிந்ததும் போனில் டிக் அடித்தேன். கடற்கரை ஊர்களில் ஒரு காபி குடித்துவிட்டுப் போகலாமே என்று ஷியாமளா நாற்காலியை இழுப்பாள். நான் உட்காராமல் கார் சாவியை ஆட்டிக்கொண்டு நிற்பேன். கடல் எந்த நிறத்தில் இருந்தது என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. 'கிளம்பு' என்பதற்கு இங்கே சொல்லும் அரபி வார்த்தையை வைத்து, "யல்லா அப்பா" என்று எனக்கு மகள் பட்டப்பெயரே வைத்துவிட்டாள்.

17-ஆம் தேதி நாஃப்ளியோ என்ற ஊரில் தங்கினோம். மறுநாள் சனிக்கிழமை மாலை எங்களுக்கு விமானம். போகிற வழியில் இதையும் முடித்துவிடலாம் என்று, நோயாளிகள் வந்து தங்கிக் குணமானதாகச் சொல்லப்படும் பழங்காலக் கோயில் ஒன்றின் இடிபாட்டுக்குக் காலை ஒன்பது மணிக்குப் போனோம். அங்கிருந்த சிறிய மியூசியத்தில் மண்ணால் செய்த பாதம், கை, காது எல்லாம் கண்ணாடிப் பெட்டியில் இருந்தன. குணமானவர்கள் அந்தந்த உறுப்பைச் செய்து சாமிக்குக் கொடுத்தது என்று பலகையைப் படித்துத் தாரிணி சொன்னாள். அதன் பிறகு என் மனைவி அந்தப் பெட்டியை விட்டு நகரவில்லை. "நம்ம வைத்தீஸ்வரன் கோயில்தாங்க இது" என்றாள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2023 மார்ச்சில் நான் சைட்டில் சாரத்திலிருந்து விழுந்து வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. பழையபடி நடப்பது சிரமம் என்று டாக்டர் சொன்னார். என் மனைவி வைத்தீஸ்வரன் கோயிலுக்குக் கால் உருவம் செலுத்துவதாக வேண்டிக்கொண்டாள். ஏழே மாதத்தில் நான் கம்பு இல்லாமல் நடந்தேன். 2024 ஜூலை லீவில் மயிலாடுதுறை வெள்ளிக் கடையில் கால் உருவம் போட்ட தகடு வாங்கி, பின்புறம் என் பெயரையும் நட்சத்திரத்தையும் வெட்டச் சொல்லி வாங்கிவந்தாள். கோயில் அங்கிருந்து காரில் அரை மணி நேரம். அந்த லீவிலும் போகவில்லை, இந்த வருட லீவிலும் போகவில்லை. இரண்டு முறையும் அடுத்த தடவை பார்க்கலாம் என்று சொன்னது நான்தான். அந்தத் தகடு மஞ்சள் துணியில் சுற்றியபடி பதினைந்து மாதமாக அவளுடைய கைப்பையிலேயே இருந்தது.

அதை இங்கேயே செலுத்திவிடட்டுமா, எல்லாம் வைத்தியம் பார்க்கிற சாமிதானே என்று அவள் கேட்டாள். நான் கடிகாரத்தைப் பார்த்தபடி, "என்னமோ பண்ணு, பத்து நிமிஷத்துல காருக்கு வந்துடு" என்றேன். ஆகவே அவள் என்ன செய்யப் போகிறாள் என்பது எனக்கு முன்கூட்டியே தெரியும். இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு நானும் மகளும் காருக்குப் போய்விட்டோம். சிறிது நேரத்தில் விசில் சத்தம் கேட்டுத் திரும்பி ஓடினேன். காவலாளி என் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு கல்லடியில் ஓட்டல் ஸ்பூனால் தோண்டிய சிறு குழி இருந்தது. அவள் விரலெல்லாம் மண். தகட்டைக் காவலாளி வைத்திருந்தார். வைத்தீஸ்வரன் கோயில் வழக்கப்படி தகட்டோடு செலுத்துவதற்காகக் காலைச் சாப்பாட்டு மேசையிலிருந்து எடுத்துவந்த உப்பும் மிளகும் கீழே சிந்திக் கிடந்தன. புதைக்க வந்தவளை, புதையல் எடுக்க வந்தவள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அதன் பிறகு எங்களைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். மகளை வாசலில் உட்கார வைத்துவிட்டு, எங்கள் இருவரையும் எதிரெதிர் அறைகளில் வைத்தார்கள். அவள் என்ன தோண்டினாள் என்று அதிகாரி கேட்டார். வேண்டுதல், சாமி, வெள்ளிக் கால் என்று ஆரம்பித்தால் விமானம் போய்விடும் என்று நினைத்தேன். இப்படிச் சொல்ல வெட்கமாகவும் இருந்தது. இங்கே அபுதாபியில் வேலை பார்க்கும் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. போலீஸ் கேட்டால் எதிர்த்துப் பேசாதே, ஸாரி சொல், நீட்டின தாளில் கையெழுத்துப் போடு, ஃபைன் கட்டு, கலாஸ், அதோடு முடிந்தது, டியூட்டிக்குப் போ. புதிதாக வரும் பையன்களுக்கு நானே இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அப்படியே, என் மனைவி தரையில் கிடந்த பொருளைச் சட்டம் தெரியாமல் எடுத்துவிட்டாள், மன்னிக்கவும் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட்டேன். பத்து நிமிடத்தில் விடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். பழங்கால இடத்தில் கிடக்கும் பொருளை எடுப்பது அந்த நாட்டில் பெரிய குற்றம் என்று எனக்குத் தெரியாது. அதைப் படித்த அதிகாரி யாருக்கோ போன் செய்தார்.

அதன் பிறகு தகட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்து, பின்புறம் இருக்கும் எழுத்து என்ன மொழி என்று என்னிடம் கேட்டார். உண்மையைச் சொன்னால் முதலில் எழுதிக் கொடுத்தது பொய்யாகிவிடும். தெரியாது என்றேன். எதிர் அறையின் கதவு திறந்திருந்தது. அங்கிருந்து ஷியாமளா, "அதுல உங்க பேருதானே இருக்கு, படிச்சுச் சொல்லுங்க" என்றாள். அவள் என்ன சொல்கிறாள் என்று அதிகாரி கேட்டார். குடிக்கத் தண்ணீர் கேட்கிறாள் என்று சொன்னேன். உடனே கொண்டுவந்து கொடுத்தார்கள். அவளுக்கு அந்த அளவு ஆங்கிலம் புரியும். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். குடிக்கவில்லை.

அதன் பிறகு அவளுடைய பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, விசாரணை முடியும்வரை ஊரைவிட்டுப் போகக்கூடாது என்றார்கள். நாஃப்ளியோவில் அவளுக்கு ஓர் அறை பிடித்துக் கொடுத்துவிட்டு, 20-ஆம் தேதி நானும் மகளும் அபுதாபி திரும்பினோம். சைட்டில் முக்கியமான இன்ஸ்பெக்ஷன் இருந்தது என்று அன்று காரணம் சொன்னேன். அந்த இன்ஸ்பெக்ஷன் ஒரு வாரம் தள்ளிப்போய்விட்டது. ஷியாமளா தினமும் மதியம் போன் செய்கிறாள். தகட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. கால் வலி இருக்கிறதா, மாத்திரை போட்டீர்களா என்று மட்டும் கேட்கிறாள். இந்தப் பதினாறு நாளாக என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். கால் வலிக்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. நான் பொய் எழுதிக் கொடுத்ததை மகளிடம் மூன்று நாளைக்கு முன்புதான் சொன்னேன். "அம்மா பொய் சொல்லல. நீங்கதான் சொன்னீங்க" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

இதனால் உங்கள் மேல் தனி வழக்கு வரலாம், தெரியுமா என்று திருமதி பாஹிமா கேட்டதற்கு, தெரியும் என்று சொன்னேன். இம்மாதம் 12-ஆம் தேதி கிரீஸில் விசாரணைக்கு நேரில் ஆஜராக டிக்கெட் எடுத்துவிட்டேன். திரும்பி வரும் தேதி போடவில்லை.

அக்டோபர் 18 அன்று நான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தது பொய். என் மனைவி அந்த மண்ணிலிருந்து எதையும் எடுக்கவில்லை. தகட்டின் பின்புறம் உள்ள எழுத்து தமிழ். எனக்குப் படிக்கத் தெரியும். அதில் இருப்பது என் பெயர். முன்புறம் இருப்பது என் கால். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, தகட்டில் வெட்டியிருக்கும் அதே எழுத்துகளில் கீழே கையெழுத்திடுகிறேன். நான் சொன்னபடியே இது எழுதப்பட்டு, எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. உட்கார்ந்து முழுவதும் கேட்டேன். அனைத்தும் உண்மை.

ஒப்பம்
உமாபதி, அனுஷம்