சீசர் படையில் தப்பான ஆள்

சயான் ஸ்டேஷன் டிக்கெட் வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். மூத்தவர் ஸ்கூல் பஸ் டிரைவர். காக்கிச் சட்டையில் பள்ளியின் பெயர் தைத்திருந்தது. இளையவர் திடீரென்று கேட்டார்:

“அண்ணாச்சி, நேத்து சீசர் படையில பட்டைக் கவசக்காரன ஏன் நிறுத்துனிய?”

பொம்மை வீரர்களை மேசையில் நிறுத்திப் போர் விளையாடுகிறவர்கள் என்று அப்புறம்தான் புரிந்தது.

“ஒரு ஆளு மாறிப்போச்சு. அதுக்கு என்னல இப்ப?”

“அது சீசர் செத்த பெறகு வந்த கவசம்லா. சீசர் ஆளுக்கு இரும்பு வளையம் கோத்த சட்டை, நீள்வட்டக் கேடயம். இதே தப்புக்கு என்னைய எத்தன தடவ கிழிச்சிருக்கிய!”

இளையவர் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். விரல் உயரத்தில் இரண்டு ரோமானிய வீரர்கள்.

“இதுல சீசர் ஆளு யாரு?”

“பரீட்சையால வைக்க?”

டிரைவரின் கட்டைவிரல் ஒரு கேடயத்தின் ஓரத்துக்குப் போனது.

“தடவாதிய அண்ணாச்சி. பாத்துச் சொல்லுங்க.”

வரிசை நகர்ந்தது. அவர்கள் நகரவில்லை. எனக்குப் பின்னால் ஒருவர் இந்தியில் சத்தம் போட்டார்.

“எப்பமிருந்து அண்ணாச்சி?”

“தீவாளியில இருந்து. ரெண்டு கண்ணுலயும் பொகை மாதிரி நிக்கி. டாக்டர்ட்ட போனா, வண்டியப் பிடுங்கிருவானுவ.”

“எம்மவ உங்க பஸ்லதான போறா.”

டிரைவர் இரண்டு வீரர்களையும் கைக்குட்டையில் வைத்து, முடிச்சுப் போட்டு, இளையவர் கையில் கொடுத்தார்.

“அவள மட்டும் நாளையிலேர்ந்து ஆட்டோவுல அனுப்பிரு.”