பறிக்காமல் விட்ட காளான்கள்

சிப்பிக் காளானை வதக்கும்போது எடுத்த எடுப்பிலேயே உப்புப் போடக் கூடாது. தண்ணீர் விட்டுக் கொழகொழத்துப் போகும். வாணலி நன்றாகக் காய்ந்த பிறகு வெண்ணெய், வெங்காயம், காளான். ஓரம் சிவந்த பிறகுதான் உப்பு. உங்கள் ஆட்கள் என் இரும்பு வாணலியைச் சோதனைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள், ஐயா. அதில் ஒன்றும் கிடைக்காது. சாப்பாட்டில் கை வைக்கிற ஈனப் புத்தி எனக்குக் கிடையாது. வாணலியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இறந்தவர் என் கணவர் தவ்லெத்தின் அண்ணன். கணவன் வீட்டுப் பெரியவர்களின் பெயரை நாங்கள் வாயால் சொல்வதில்லை. நாங்களே ஒரு நல்ல பெயர் வைத்துக் கூப்பிடுவோம். நான் அவருக்கு வைத்தது மிர்சா அகா, தாராள மனசுக்கார அண்ணன் என்று. புதுப்பெண்ணாக வந்த நாளில் ஆளைத் தெரியாமல் வைத்துவிட்டேன்.

கரகந்தா சுரங்கங்களில் நிலக்கரித் தூசியைச் சுவாசித்து நெஞ்சு கெட்டு, ஓய்வு பெற்று எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வெந்நீர்க் குழாய் ஓடும் கதகதப்பான பின்னறைதான் வேண்டும் என்றார். கொடுத்தேன். அந்த அறைக்குக் கீழேதான் நிலவறை. அங்கே வைக்கோல் பைகளைத் தொங்கவிட்டுக் காளான் வளர்த்தேன். நான் இறங்குவது சமையலறை வழியாக. அவர் கட்டிலுக்கு அடியிலும் ஒரு பழைய பலகைக் கதவு உண்டு, ஆணியடித்து மூடியது.

"ஆடு மோந்து பாத்துட்டுப் போறதை எனக்கு வறுத்து வைக்கிறியா?" என்பார். பிறகு தட்டை வழித்துத் தின்பார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

ஒருநாள் விருந்தாளிகள் முன்னால் சொன்னார். "தம்பி, உன் பொண்டாட்டி வைக்கோல்லகூட விளைய வைக்கிறா, வயித்துலதான் ஒண்ணும் விளையலை. நான் ஒரு பொண்ணு பாத்து வச்சிருக்கேன். இவளைக் கொண்டுபோய் அவ அண்ணன் வீட்டுல விட்டுட்டு வா."

விருந்தாளிகள் சிரித்தார்கள். தவ்லெத் தேநீரைப் பார்த்துக்கொண்டே, "பனி உருகட்டும் அண்ணா, விட்டுடறேன்" என்றார். என் வீடு, என் அடுப்பு, எல்லாம் அந்த ஒரு பேச்சில் போயிற்று. மிர்சா அகாவை அன்றுதான் வெறுக்கத் தொடங்கினேன். ஆனாலும் அவர் கோப்பையில் பாதிதான் ஊற்றினேன். நிறைய ஊற்றினால் எழுந்து போ என்று அர்த்தம். நான் அப்படி வளரவில்லை.

சிப்பிக் காளானை ஓரம் கீழே வளைந்திருக்கும்போதே பறித்துவிட வேண்டும். விட்டுவிட்டால் குடை விரிந்து வெள்ளைப் பொடி கொட்டும். தரையில் மாவு சலித்தது போலக் கிடக்கும். ஈரத்துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு இறங்கினாலும் இருமல் வரும்.

வீட்டுக்கு வந்த டாக்டரம்மா என்னிடம் சொன்னார்: "இவருக்குத் தூசியே ஆகாதும்மா. தலையணையைக்கூட வெளியில வச்சுத் தட்டு." ஒவ்வொரு காலையும் வெளியில் வைத்துத்தான் தட்டினேன். அக்கம்பக்கத்தில் கேளுங்கள்.

அந்தக் குளிர்காலத்தில் நான் காளான் பறிக்கவில்லை, அவ்வளவுதான். அவர் கட்டிலுக்கு அடியில் இருந்த கதவின் ஆணிகளைப் பிடுங்கி, பலகையைக் கொஞ்சம் விலக்கி வைத்தேன். காளானுக்குக் காற்று வேண்டும். அதனால் கீழே ஒரு சின்ன மின்விசிறியை மேலே பார்க்க வைத்தேன்.

"குளிர் உள்ள வருதும்மா, ஜன்னலை நல்லா ஒட்டு" என்றார் இருமிக்கொண்டே. இடுக்கு விடாமல் காகிதம் ஒட்டினேன். கடைசி வாரம் எழுந்து உட்காரவே முடியவில்லை. முதுகுக்கு மெத்தை வைத்தேன், கரண்டியால் ஊட்டினேன்.

"ஏம்மா, இப்பல்லாம் காளானே வறுக்க மாட்டேங்கிறியே?" என்று கேட்டார்.

"இன்னும் முத்தலை, அகா" என்றேன். அவரிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இறந்தவர் பெயரைச் சொல் என்று மறுபடியும் மறுபடியும் கேட்கிறீர்கள். அது மட்டும் என்னால் முடியாது, ஐயா. தவ்லெத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். புகுந்த வீட்டுப் பெரியவருக்கு மரியாதை தவறியவள் என்று நாளைக்கு என்னை ஒருவரும் சொல்லக் கூடாது.