அப்பாவின் பதினோரு கடிதங்கள்

— சத்தமா சொல்லு பவுலின். நடுவுல மூங்கில் தட்டி, இந்தப் பக்கம் காத்து. ஒண்ணும் சரியா காதுல விழல.

— இன்னும் எப்படிண்ணே கத்துறது? பிளேக் முகாமுல இருக்கற அத்தனை பேருக்கும் நம்ம வீட்டுச் சங்கதி தெரியணுமா?

— காய்ச்சல் ஏதும் இல்லயே?

— இல்ல. வெள்ளிக்கிழமை விட்டுடுவாங்களாம். பென்சில் கூர் இருக்கா?

— இருக்கு, இருக்கு. அச்சாபீஸ்லேர்ந்து காகிதமும் கொண்டாந்திருக்கேன். ஆனா ஒண்ணு, உனக்காகத்தான் எழுதறேன். அவருக்காக இல்ல.

— அவரா? பெத்த அப்பாண்ணே. அடக்கம் பண்ணி ஒன்பது நாள்கூட ஆகல.

— வேற சபைப் பொண்ணைக் கட்டினேன்னு ஆறு வருஷம் வாசப்படி மிதிக்க விடாதவரு. சரி சரி, மேல சொல்லு. அவரு அம்மாவுக்கு எழுதின கடுதாசியெல்லாம் பிளேக் வீட்டுச் சாமான்னு சாயங்காலம் கொளுத்திடுவாங்கன்னு ஆள் மேல ஆள் சொல்லியனுப்பினியே. ஜல்தி!

— எழுது. கோலார், ஆயிரத்து எண்ணூத்தி தொண்ணூறு, தவக்காலம். 'அன்புள்ள அருளாயிக்கு. சுரங்கத்தில் இறந்த மூன்று பேரை நேற்று அடக்கம் செய்தோம். சாமியாரால் வர முடியவில்லை. உபதேசியார் என்பதால் நான்தான் ஜெபம் சொன்னேன். மண் போடும்போது என் விசுவாசம் ஆடிவிட்டது. முருங்கை பூத்திருக்கிறது என்று உன் கடிதம் வந்தது. அதைப் படித்த பிறகுதான் மறுபடி ஜெபிக்க முடிந்தது.'

— அவருக்கா ஆடிச்சு?

— அம்மாகிட்ட மட்டும் சொல்லியிருக்காரு. இன்னும் பத்து இருக்கு, அடுத்தது எழுது.

— வெயிலும் இறங்கிடுச்சு, இதோட பத்துக் கடுதாசி ஆச்சு பவுலின். விரல் மரத்துப்போச்சு. போதும்.

— ஒண்ணே ஒண்ணுதாண்ணே. நீ வீட்டை விட்டுப் போன வருஷம் எழுதினது.

— அது வேணாம்.

— சேசுவே! கேளேன். 'மகனை விரட்டிவிட்டு, இங்கே வந்து மன்னிப்பைப் பற்றிப் பேசுகிறேன். நாக்கு கூசுகிறது. அவனுடைய பத்தாவது வயதில் அல்சூர் ஏரியில் என் ஜெபமாலை விழுந்தது. கழுத்தளவு தண்ணீரில் இறங்கி எடுத்துக் கொடுத்தான். நீ பயப்படுவாய் என்று இருவரும் மறைத்துவிட்டோம். அந்தப் பிள்ளையை எப்படி வெளியே நிறுத்தினேன்? போய்க் கூப்பிடத் தைரியம் வரவில்லை. எனக்காக ஜெபி.' … அண்ணே? எழுதறியா?

— ஏரி விஷயம் எங்க ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

— அம்மா தவறினப்புறம் இந்தக் கடுதாசிக் கட்டைப் பிரிச்சுப் பார்த்தேன். உன்கிட்ட குடுக்கறேன்னேன். 'நான் உயிரோட இருக்கற வரைக்கும் வேணாம்'னுட்டாரு அப்பா. அவ்வளவு வெக்கம் அவருக்கு.

— பவுலின், தட்டியில இங்க ஒரு ஓட்டை இருக்கு. கிட்ட வரமாட்டேன். அந்தக் கடுதாசியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டு. அவரு கையெழுத்தை ஒரே ஒரு தடவை பார்த்துக்கறேன்.

— காட்டறதுக்கு ஒண்ணுமில்லண்ணே. சாயங்காலம்னு சொன்னவங்க காலையிலயே கொளுத்திட்டாங்க. நாலு வருஷமா தினம் படிச்சது, அதான் ஒரு எழுத்து விடாம வருது. இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கு, எழுதிக்கோ: 'கூப்பிடும்போது மருமகளையும் சேர்த்துக் கூப்பிட வேண்டும்.'