பின்பக்கத்து வயர்கள்

அந்த லாரியில் ஆம்ப்ளிஃபயர் வேலை செய்தது எட்டு நாள், பதினைந்து மணி நேரம். வாரண்டி அட்டையில் மூன்று வருடம் என்று போட்டிருக்கிறது. பொருளில் குறை இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மாஸ்டர் கடையின் பெயர் கெடுவதில் எனக்கு விருப்பமில்லை.

நேரில் பேசச் சொன்னால் எனக்கு வராது என்று சொன்னேன், மேடம். நீங்கள் இரண்டு தாளும் பேனாவும் கொடுத்து எழுதச் சொன்னீர்கள். கான்ஸ்டபிள் அக்காவிடம் இன்னும் நான்கு தாள் கேட்டு வாங்கியிருக்கிறேன். அவர் டீயும் கொடுத்தார்.

நான் இயற்பியல் படித்தவள். நான்கு வருடமாக வண்டிகளுக்கு ஸ்டீரியோ மாட்டும் கடையில் வேலை. வருகிறவர்களிடம் மாஸ்டர் பேசுவார், நான் வயர்களைப் பார்த்துக்கொள்வேன். என் கை வேலை சுத்தம் என்பார்.

வீட்டில் மூன்று பேர். அண்ணன் லாரி ஓட்டுகிறான். அம்மாவுக்கு மூன்று வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. நான்கு கால் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். பேச்சு போய்விட்டது. ஒரே ஒரு சொல் மிஞ்சியது: அப்பு. அண்ணனின் செல்லப் பெயர். தண்ணீர் வேண்டுமென்றாலும் அப்பு, பாத்ரூம் போக வேண்டுமென்றாலும் அப்பு. அண்ணன் மாதத்தில் ஆறு நாள் வீட்டில் இருப்பான். மீதி நாட்களில் நான்தான் அப்பு.

அண்ணன் நல்லவன். கலகலப்பானவன். அவன் வீட்டுக்கு வந்தால் அம்மாவின் கோணிய வாயும் சிரிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் சொன்னான். "இந்த கம்பெனி செட்டுல பாட்டுக் கேக்கறது, கிணத்துக்குள்ள எவனோ பாடறத மேல நின்னு கேக்கற மாதிரி இருக்கு. உங்க கடையில ஒரு ஆம்ப் போட்டு விடேன். தங்கச்சி ஸ்டீரியோ கடையில இருந்து எனக்கு என்ன புண்ணியம்?"

"போடலாம்" என்றேன்.

"வாயத் தொறந்துட்டா! அம்மா, கேட்டியா? உன் பொண்ணுக்குப் பேச வருது."

அம்மா "அப்பு" என்றாள். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்த லாரியில், பின்னால் ஏதாவது இருந்தால் எச்சரிக்கும் சென்சார் உண்டு. ரிவர்ஸ் கியர் போட்டால் டிரைவருக்குப் பீப் கேட்கும். முதலில் விட்டு விட்டு வரும். நெருங்க நெருங்க வேகமாகும். முப்பது சென்டிமீட்டருக்குள் போனால் ஒரே நீளமான ஒலி. அந்த ஒலிக்குத் தனி ஸ்பீக்கர் கிடையாது. கம்பெனி செட் வழியாக, முன்கதவு ஸ்பீக்கரில்தான் வரும். செட்டை அணைத்து வைத்திருந்தாலும் வரும்.

ஆம்ப்ளிஃபயர் மாட்டும்போது, செட்டிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் வயரை வெட்டி, அதிலிருந்துதான் ஒலியை எடுப்போம். முன்பக்கத்து வயர்களில் பாட்டும் பீப்பும் சேர்ந்து வரும். பின்பக்கத்து வயர்களில் பாட்டு மட்டும் வரும். பின்பக்கத்து வயர்களிலிருந்து எடுத்து நான்கு ஸ்பீக்கருக்கும் கொடுத்தால் பாட்டு பிரமாதமாகக் கேட்கும். பீப் எங்கும் போய்ச் சேராது.

வேலைக்குப் புதிதாக வருகிற எல்லோரும் ஒரு முறையாவது இந்தத் தவறைச் செய்வார்கள். நானும் முதல் வருடத்தில் செய்தேன். மாஸ்டர் சுவரில் ஒரு அட்டை ஒட்டினார்: வேலை முடிந்ததும் ரிவர்ஸ் போடு, காது கொடு.

நான்கு வருடம் அந்த அட்டைக்கு எதிரே உட்கார்ந்துதான் வேலை செய்தேன்.

அண்ணனிடம் முன்பு இருந்த லாரியில் சென்சார் கிடையாது. எங்கள் வீட்டுக்கும் காம்பவுண்ட் சுவருக்கும் நடுவில் நீளமான சிமெண்ட் முற்றம். கேட்டிலிருந்து பின்னால் வந்து, கோடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் நிறுத்த வேண்டும். நான் பின்னால் நின்று சொல்வேன். இரண்டு முறை தொட்டியில் இடித்துவிட்டான். "உன் கொரல நம்பி ரிவர்ஸ் எடுத்தா செவுத்துக்குள்ளதான் போய் நிக்கணும்" என்றான். முதலாளி அவனுக்கு இந்த லாரியைக் கொடுத்து, மூன்றாம் முறை நசுங்கினால் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடு என்றார். அதற்குப் பிறகு பீப் என் வேலையைச் செய்தது. வண்டி வரும் நேரத்தில் சமையலறைப் படியில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது மட்டும் என் வேலை.

எனக்கு வேறொரு ஊரில், தண்ணீர் பரிசோதிக்கும் லேபில் வேலை கிடைத்திருந்தது. நான்கு வருடம் கழித்து என் படிப்பைக் கேட்ட முதல் வேலை. ஒன்றாம் தேதிக்குள் சேர வேண்டும். கடிதத்தை அண்ணனிடம் காட்டினேன். முழுவதும் படித்தான். சந்தோஷப்பட்டான். "பாருடா, சயின்டிஸ்ட்!" என்று தலையில் தட்டினான். பிறகு கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "ஆனா நீ போயிட்டா அம்மாவ யாரு பாக்கறது?" என்றான். அதில் கோபம் எதுவும் இல்லை. கேட்டுவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான்.

நான் யோசித்தது இவ்வளவுதான். பீப் வராது. என்றாவது ஒரு நாள் தொட்டியில் இடிப்பான். லாரி போய்விடும். உள்ளூரில் வண்டி ஓட்டக் கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம். அம்மாவுக்கு அவள் கேட்கிற அப்புவே கிடைப்பான். நான் போகலாம். இதில் நசுங்குவது தகரம் மட்டும்.

பின்பக்கத்து வயர்களை வெட்டி இணைத்தேன். நல்ல இணைப்பு. நீங்கள் பிரித்துப் பாருங்கள், ஒரு இழை வெளியே தெரியாது. மாஸ்டர் அடுத்த வண்டிக்குக் கீழே படுத்திருந்தார்.

"ரிவர்ஸ் போட்டுப் பாத்தியாம்மா?"

"பாத்தேன் மாஸ்டர்."

"காத்துதான் வருது, வார்த்தை வரல. சத்தமாச் சொல்லு."

"பாத்தேன்" என்றேன், சத்தமாக. எனக்கே புதிதாக இருந்தது.

அன்று சாயங்காலம் அண்ணன் பாட்டை அலறவிட்டுக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தான். எதிர்வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து பார்த்தார். சமையலறை ஜன்னல் அதிர்ந்தது. அம்மா பயந்துபோய் நடைச்சட்டத்தை விட்டுவிட்டு, நல்ல கையால் காதைப் பொத்தினாள். நான் பிடித்திருந்ததால் விழவில்லை. அண்ணன் இறங்கி ஓடிவந்து அவள் தலையைத் தடவி ஏதோ சொன்னான்.

பிறகு என்னைப் பார்த்து, "பீப் வரலியே?" என்றான்.

தொட்டிக்கு இரண்டு அடி முன்னால் நின்றிருந்தது வண்டி. கண்ணாடியைப் பார்த்தே நிறுத்தியிருக்கிறான். "தள்ளி நிறுத்திட்ட. ஆம்ப் போட்டதுல செட்டிங் மாறியிருக்கு, இன்னும் கிட்டப் போனாத்தான் வரும்" என்றேன்.

"படிச்சவ சொன்னா சரிதான்" என்றான்.

அடுத்து அவன் வீட்டுக்கு வந்தது ஒன்பதாம் நாள். காலை ஆறு நாற்பது. நான் மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். வண்டி வந்தால் கீழே இறங்கி அம்மாவைப் பிடித்துக்கொள்வது வழக்கம். அன்று வாளியில் பாதித் துணி மிச்சமிருந்தது.

லாரி கேட்டுக்குள் பின்பக்கமாக வந்தது. அதே நேரத்தில் அம்மா சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். படியில் அவள் நிற்கவில்லை. நடைச்சட்டத்தை முன்னால் வைத்து, காலை இழுத்து, மறுபடி வைத்து, முற்றத்தின் நடுவுக்குப் போனாள். நடுவில் நிற்பவர்கள் இரண்டு கண்ணாடியிலும் தெரிய மாட்டார்கள். அந்த லாரி ரிவர்ஸில் மனிதர் நடக்கும் வேகத்தில்தான் வரும். பதினான்கு மீட்டர், பதினான்கு விநாடி. நடுவில் ஒருமுறை அம்மா நின்று "அப்பு" என்றாள். அதற்குப் பிறகு எதுவும் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். அண்ணன் குடித்திருக்கவில்லை, தூங்கியிருக்கவில்லை, வேகமாக வரவில்லை. பீப்பை நம்பினான். அந்தப் பீப்பை எடுத்தவள் நான். இதை என் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டு அவனை விட்டுவிடுங்கள்.

இருபத்தேழு நாளாக அவன் உள்ளே இருக்கிறான். முதல் நாள் உங்களிடம் இரண்டு விஷயம் சொன்னான்: பீப் வரவில்லை, பாட்டும் போடவில்லை. யாரும் நம்பவில்லை. நீங்கள் செட்டை ஆன் செய்து பார்த்தபோது முழுச் சத்தத்தில் பாடியது. "எப்பவும் அலறவிட்டுட்டுத்தான் வருவான், பெத்தவ கத்தினாலும் கேக்காது" என்று எதிர்வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்தார். அவர் தப்பாகச் சொல்லவில்லை. அவர் பார்த்தது ஆம்ப்ளிஃபயர் மாட்டிய அன்றைய சாயங்காலத்தை.

நேற்று அண்ணனைப் பார்க்கப் போனேன். தாடி வளர்ந்திருக்கிறது. கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். எங்கள் வீட்டில் பேசாமல் இருப்பது என் பழக்கம், அவனுக்கு அது பொருந்தவில்லை. பிறகு கேட்டான்.

"நான் பாட்டுப் போட்டிருந்தேனோ? எல்லாரும் சொல்றாங்க. யோசிச்சு யோசிச்சு எனக்கே இப்ப காதுல பாட்டுக் கேக்குது. அம்மா பின்னால நின்னுருக்கா, நான் பாட்டுக் கேட்டுக்கிட்டு வந்திருக்கேன்."

"நீயாவது ஏதாவது சொல்லேன்" என்றான்.

எனக்குப் பாட்டுக் கேட்பதில்லை. பீப் கேட்கிறது. சமையலறையில் நிற்கும்போது, பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது, இப்போது இதை எழுதும்போது. முதலில் விட்டு விட்டு, பிறகு வேகமாக, கடைசியில் நீளமாக. காது ஒரு ஒலியை எதிர்பார்த்துப் பழகிவிட்டால், அது வராதபோது மூளை தானே நிரப்பிக்கொள்ளும். இதைப் பயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தினமும் அது நீளமாக ஒலித்து முடிந்ததும், யாரோ சொல்லிமுடிக்கக் காத்திருப்பதுபோல வீடு அமைதியாக இருக்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

லேபில் சேர வேண்டிய ஒன்றாம் தேதி வந்துபோய்விட்டது. நான் போகவில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தாளில் இன்னும் அரைப் பக்கம் இருக்கிறது. முதல் நாள் நீங்கள் என்னிடம் கேட்டீர்கள், "மாடியில இருந்து பாத்துட்டே இருந்தியா? கத்தலியா?" என்று. கத்தினேன், பாட்டுச் சத்தத்தில் அண்ணனுக்குக் கேட்கவில்லை என்றேன். என் குரலைக் கேட்டவர்கள் யாரும் அதைச் சந்தேகப்பட மாட்டார்கள். நீங்களும் அப்படியே எழுதிக்கொண்டீர்கள்.

ஆம்ப்ளிஃபயர் மாட்டிய அன்று அண்ணன் அம்மாவின் தலையைத் தடவிச் சொன்னது இதுதான்: "பயந்துட்டியாம்மா? இனிமே தெருமுனையிலயே அணைச்சுடறேன், சரியா?" அணைக்கும்போது எவ்வளவு சத்தம் வைத்திருந்தோமோ, மறுபடி ஆன் செய்தால் அந்தச் செட் அதே சத்தத்தில்தான் பாடும். நீங்கள் கேட்டது தெருமுனைக்கு முன்னால் ஓடிய பாட்டு.

அண்ணன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அன்று காலை முற்றம் அவ்வளவு அமைதியாக இருந்தது. அம்மா "அப்பு" என்றது மாடியில் எனக்குக் கேட்டது. அவள் வண்டியைப் பார்த்துச் சொல்லவில்லை. தலையைத் தூக்கி, என்னைப் பார்த்துச் சொன்னாள். டிரைவர் பக்கத்து ஜன்னல் கண்ணாடி இறங்கியிருந்தது. அண்ணனின் முழங்கை வெளியே தெரிந்தது. நான் சாதாரணமாகப் பேசும் குரலில் கூப்பிட்டிருந்தாலும் அவனுக்குக் கேட்டிருக்கும்.

நான் கூப்பிடவில்லை. பதினான்கு விநாடி என்று மேலே எழுதினேன், அது கணக்குப் போட்டு வந்ததல்ல. எண்ணினேன்.