பின்மதில் பக்கம் திரும்பும் அலை

— நாளைக்கு அந்த வயரில்லா இன்டர்நெட் பெட்டி எல்லாத்துக்கும் சாவியை மாத்தப் போறியளாமே, முனாப் தம்பி?

— ஆரு உங்களுக்குச் சொன்ன? முதல்ல இந்தக் கதிரையில இரிங்க, அக்கா. இந்த வெயிலுக்குள்ள லிங்கநகரில இருந்து நடந்தா வந்தீங்க?

— நடை கிடக்கட்டும். உங்கட குசினியில சமைக்கிற மைமூனாதான் சொன்னவா, கொழும்பில இருந்து ஆக்கள் வருகினமாமெண்டு. பெட்டியளைக் கழட்டிப் போடுவியளோ?

— இல்லக்கா. முன்வாசல்ல ஒண்டு, களஞ்சியத்தில ஒண்டு, குசினிக்கு மேல ஒண்டு. மூண்டையும் மேய்க்கிறது இந்த அறையில இரிக்கிற மெசின்தான். களஞ்சியத்தில இருந்து ஒரு ஆள் கம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு குசினிப் பக்கம் நடந்தா, ஒரு பெட்டி கைவிட மத்தப் பெட்டி பிடிக்கும். அதெல்லாம் அப்பிடியேதான்.

— கிண்ணியா ஆக்களுக்குக் கதையைச் சுத்தி வளைக்கத்தான் தெரியும். நான் சாவியைக் கேட்டனான்.

— கேளுங்களன், அதுக்குத்தானே வாறன். இப்ப இந்த நிவாரணக் கந்தோரில வேலை செய்யிற எல்லாருக்கும் ஒரே சாவி. சாவியெண்டா ஒரு ரகசியச் சொல்லு. ஒருக்கா அடிச்சுக் குடுத்தா, கம்பியூட்டர் அதை மறக்காது. கிட்ட வந்து திறந்தாப் போதும், தானாப் பிடிச்சிடும். நாளையில இருந்து ஆளுக்காள் தனித்தனிப் பேர், தனித்தனிச் சாவி.

— இவ்வளவு நாளும் நல்லாத்தானே ஓடினது?

— ஒரு கம்பியூட்டர் துலைஞ்சா சாவியை மாத்தோணும். அதுதான் ஒழுங்கு.

— எங்கட இவற்ற கம்பியூட்டரைத்தானே சொல்லுறியள்?

— அது வந்து...

— சொல்லுங்கோவன். புருசனைத் துலைச்சவள் எண்டு என்னைக் கண்டவுடன எல்லாரும் வாயை மூடுறியள். நீங்களாவது கதையுங்கோ.

— ஓமக்கா. குணரத்தினம் அண்ணன்ட கம்பியூட்டர்தான். ரெண்டாயிரத்து ஆறில இந்தப் பெட்டிகளைச் சுவரில ஏத்திப் பூட்டினது அவரும் நானும். நான் ஏறக்குள்ள ஏணியைப் பிடிச்சுக்கொண்டு, "விழுந்து துலைச்சிடாத, உன்ட வாப்பாவுக்கு என்னால பதில் சொல்ல ஏலாது" எண்டு ஏசுவார். தோப்பூருக்கு நிவாரண அரிசி கொண்டு போன அண்டைக்கு, அந்தக் கம்பியூட்டரையும் கையோட கொண்டு போனார் எண்டுதான் கந்தோரில எல்லாரும் நினைக்கிறாங்க.

— மூதூரில அவர் படகால இறங்கினதைக் கண்டவை இருக்கினம். தோப்பூரில ஒருத்தரும் காணேல்லை. இடையில என்ன நடந்ததெண்டு கேட்டா, எல்லாரும் நிலத்தைப் பாக்கினம்.

— ஆனா அந்தக் கம்பியூட்டர் வருதக்கா. பின்னேரங்களில. முன்வாசல் பெட்டியைப் பிடிக்கும், கொஞ்ச நேரம் நிக்கும், போயிடும். இந்த மெசினில எனக்குத் தெரியும்.

— டிரெக்டரும் சொன்னவர். அவர் எங்கேயோ கிட்டத்தான் இருக்கிறார் எண்டுதானே அதுக்கு அர்த்தம்?

— டிரெக்டர் அப்பிடித்தான் நம்புறார். அதாலதான் கிழமைக்குக் கிழமை மேலிடத்துக்குக் கடிதம் போகுது. வேற ஆக்கள் காணாமப் போனா ஒரு முறைப்பாடு, அதோட சரி. அண்ணன்ட விசயம் மட்டும்தான் இன்னும் உயிரோட இரிக்கி.

— பிறகேன் தம்பி சாவியை மாத்திறியள்? மாத்தினா அது வராது. வராட்டி, ஆள் இல்லையெண்டு எழுதி மூடிப்போடுவினம். பிறகு ஆர் தேடுவினம்?

— கொழும்புக்காரன் வேற கதை சொல்றான். களவெடுத்தவன்தான் வாறான், அறுத்து விடு எண்டு.

— களவெடுத்தவன் பிறகேன் இந்த வாசலுக்கே வாறான்?

— நானும் அதைத்தான் யோசிச்சன். வாற ஆள் இமெயில் பாக்கிறதில்ல, ஒண்டையும் திறக்கிறதில்ல. படலையடியில நிண்டிட்டு, கூப்பிடாமத் திரும்பிப் போற மாதிரி.

— அப்ப விடுங்கோவன். நிண்டிட்டுப் போகட்டும்.

— இன்னொரு பிரச்சினையும் இரிக்கி. முன்வாசல் பெட்டிக்குப் பலம் கூட. அதின்ட அலை மதிலைத் தாண்டி, றோட்டையும் தாண்டி, ஆமிக்காரன் காவல் நிக்கிற சென்றி மட்டும் போகுது. குறைக்கச் சொல்றாங்க.

— குறைக்காதேங்கோ!

— ஏனக்கா?

— இல்லை... அவர் பூட்டினதெல்லே. அவர் வைச்சபடி இருக்கட்டுமெண்டுதான்.

— கேளுங்களன், அக்கா. டிரெக்டர் நல்லதெண்டு நினைச்சு சென்றியில இரிக்கிற பெரியவனுக்கும் விசயத்தைச் சொல்லிப்போட்டார். இண்டைக்குப் பின்னேரம் அந்த றோட்டால போற வாற எல்லாரையும் மறிச்சுச் சோதிக்கப் போறாங்க. காணாமப் போனவர்ட கம்பியூட்டர் ஆர்ட கையில இரிக்கோ, அவரை ஏத்திக்கொண்டு போவாங்க. ஏத்திக்கொண்டு போன ஆக்கள் திரும்பி வந்ததை நீங்க கண்டிரிக்கீங்களா?

— இதையேன் எனக்குச் சொல்லுறியள்?

— முன்வாசல் பெட்டியைக் கழட்டிப் பின்மதில் பக்கம் பூட்டப் போறன். அங்கால கோயிலுக்குப் போற சின்ன ஒழுங்கைதான். சென்றியில்ல. அந்தப் பக்கம் மட்டும்தான் இனி அலை வெளியில விழும்.

— அவற்ற பேர்?

— புது ஒழுங்கில முதல் பேரா அதைத்தான் அடிச்சன். கொழும்புக்காரன் கேட்டா, டிரெக்டர்ட உத்தரவெண்டு சொல்லுவன். மிச்சத்தை அல்லாஹ் பாத்துக்கொள்ளட்டும்.

— அப்ப... நாளைக்கும் அது வரும், என்ன தம்பி?

— தன்ட பாட்டில வராதக்கா. பழைய சாவியை வைச்சுக்கொண்டு அதுக்கு உள்ளுக்கு வர ஏலாது. புதுசை நான்தான் அடிச்சுத் தரோணும். கதவைச் சாத்திட்டு, மடியில இறுக்கிப் பிடிச்சிரிக்கிற அந்தக் கம்பியூட்டர்ப் பையை இஞ்சால தாங்க.