மடியில் இருந்த துப்பாக்கிப் பெட்டி

போவன்பள்ளிச் சந்தையில் மூட்டை தூக்கி, மூன்றாம் வகுப்புப் படிப்போடு இரண்டு கடை, ஒரு லாரி, மாடி வீடு எல்லாம் தனியாளாக உண்டாக்கியவன் நான். அன்று போலாரம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். கூட்டத்தில் நின்றிருந்த ஒருவர் தன் நீளப் பெட்டியை என் மடியில் வைத்தார். பக்கத்தில் அவருடைய மைத்துனர்.

“அத்தான், உள்ள துப்பாக்கி லொடலொடங்குதே!”

“செகண்ட் ஹேண்ட் ஏர் ரைஃபிள்டா. கொஞ்சம் ஆடத்தான் செய்யும்.”

“ஆடுறதுக்கு அது என்ன கட்டிலா? வாங்கினதும் ஸ்க்ரூ எல்லாம் முடுக்கிப் பாத்தீங்களா?”

“பளபளன்னு தொடச்சு வச்சேன்.”

“நல்லா வச்சீங்க! கட்டை ஆடினா குறி எங்க நிக்கும்? முடுக்காம சுடறது நக்கோ, வேணவே வேணாம்.”

அத்தான் தலையில் அடித்துக்கொண்டார்.

“பாப்பாவுக்குக் கை நடுங்குதுன்னு திட்டிட்டேன்டா. இன்னைக்கு துப்பாக்கி சுடுற செலக்‌ஷன்ல தேறலேன்னா நிறுத்திடுன்னும் சொல்லிட்டேன்.”

உடனே மகளுக்கு போன் போட்டார். “அழாதம்மா. கோளாறு உன் கைல இல்ல. மாமா வந்து முடுக்கித் தருவான்.”

பெட்டியை வாங்கிக்கொண்டு இருவரும் இறங்கினார்கள். அவள் ஜெயித்தால் மாமன் பேர்தான் வரும். நான் பெட்டியை இறுக்கிப் பிடித்திருந்தால் அந்தச் சத்தம் கேட்டிருக்குமா? என் பங்கையும் சொல்லத்தான் வேண்டும்.