பெட்டி ஆடல, ஜீவா

ஹலோ... வச்சிராத, வச்சிராத... ஆமா, ஒங்கண்ணன் நம்பர்தான், ஆனா பேசுறது அண்ணி. என் நம்பர்ல அடிச்சா நீ எடுக்கமாட்ட, வேற என்ன செய்ய... சரி, திட்டு. நல்லாத் திட்டு... முடிஞ்சிச்சா?

எங்க இருக்க... பஸ்ஸுலயா? எந்த பஸ்ஸு... எம்பிலிப்பிட்டிய கொழும்பு பஸ்ஸா. அடிப்பாவி, நெசமாவே கெளம்பிட்டியா... ஆமா, ஆமா, கார்மெண்ட்ல வேல கெடைக்கும், யாரு இல்லேங்குறா. ஆனா ஜீவா, இன்னைக்கு இரத்தினபுரி கோயில் திருவிழாவுல நம்ம கடைக்கு மொத நாளு. கொத்து ரொட்டி போட ஒன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா? நான் கொத்துனா சத்தம் மட்டுந்தான் வரும்...

தெரியும், தெரியும். போன கெழம எறக்கத்துல நம்ம சக்கரம் வச்ச கடைப்பெட்டி ஆடி, இழுத்துக்கிட்டுப் போன ஜீப்பையும் சேத்து ஆட்டி, தேயிலைக்குள்ள போய் குந்துனிச்சு. நீ பின் சீட்டுல முனியாண்டியில இருந்து மாதா வரைக்கும் ஒரு ஆள விடாம கூப்பிட்ட... நான் சிரிக்கல... சரி, சிரிக்கிறேன். சந்தோஷத்துல சிரிக்கிறேன். ஏன்னு கேளேன்... கேக்கமாட்டியா? நானே சொல்றேன். பெட்டி இப்ப ஆடல.

சத்தியமா. காலையில இருந்து ஏத்தத்துலயும் எறக்கத்துலயும் ஓட்டிப் பாத்தாச்சு... மெக்கானிக் றிஸாத் நானாதான் சரி பண்ணாரு. பெட்டியத் தொறந்து பாத்தோன்ன தலையில கைய வச்சிட்டாரு. தண்ணி டேங்க், கேஸ் சிலிண்டர், ரொட்டிக்கல்லு, எல்லாம் பின்கதவு ஓரமா. யாரு இப்படி ஏத்துனதுன்னு கேக்குறாரு. நானும் ஒங்கண்ணனும் பெருமையா நிக்கிறோம்... பின்ன? தோட்டத்துல லேண்ட்மாஸ்டர் கைடிராக்டர் பெட்டிக்கு கொழுந்து மூட்டய அப்படித்தான ஏத்துறோம், பின்னுக்குத் தள்ளி, கொக்கியில கொளுவும்போது முன்பக்கம் கைக்கு லேசா இருக்கட்டும்னு. அதே பழக்கந்தான். ஆனா லேண்ட்மாஸ்டர் ஆள் நடக்கிற வேகத்துல போகும். ஜீப்பு அப்படியா? வேகமா இழுக்கையில பின்னால பாரம் இருந்தா பெட்டி எடமும் வலமும் வீசுமாம். இப்ப பாரத்த முன்னுக்கு மாத்திட்டோம்.

அது பாதிதான்... இரு, இனிமேதான் நல்ல எடம். வீட்டுக் கதவ நெனச்சுக்க. ஓரத்துல ஒரு வெரலால தள்ளுனா தொறக்குதுல்ல? கீல்கிட்ட தள்ளிப் பாரு, தோள வச்சாலும் அசையாது... ஆங், புரியுதுல்ல. ஜீப்புக்கு அந்தக் கீல் எதுன்னா பின்சக்கரம். பழைய கொக்கி அதுக்கு ரொம்ப பின்னால இருந்திச்சு, கதவு ஓரம் மாதிரி. பெட்டி லேசா தள்ளுனாலே ஜீப்பு திரும்பிரும். இப்ப றிஸாத் நானா அந்தக் கொக்கிக்குப் பதிலா ரெண்டு இரும்புக் கம்பி போட்டிருக்காரு. நாலு முனையிலயும் ஆணி, அதுல அங்கிட்டும் இங்கிட்டும் திரும்புற மாதிரி. பெட்டிப் பக்கம் அகலம், ஜீப்புப் பக்கம் ஒடுக்கம்... ஆமா, பாவாட மாதிரியே. அந்த ரெண்டையும் இன்னும் நீட்டுனா எங்க போய் சேரும்? ஜீப்புக்கு அடியில, பின்சக்கரத்துக்கிட்ட. பெட்டி அங்கேயே மாட்டியிருக்கிற மாதிரித்தான் நடந்துக்கும். காத்து அடிச்சாலும் கீல்கிட்ட தள்ளுன கததான். நாங்க திருப்புனா அது வரும், அது திருப்புனா நாங்க போகமாட்டோம். எங்க கல்யாணத்துக்கே அப்படி ரெண்டு கம்பி போட்டிருக்கலாம்... ஒங்கண்ணன் மொறைக்கிறாரு. நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க.

என்ன... நம்பமாட்டியா? வாயால சொன்னா நம்பமாட்ட, சரி. கண்ணால பாத்தா... என்ன சத்தம் அங்க, ஒண்ணும் கேக்கல. ஒங்க பஸ்ஸு ஏன் இப்படி ஹோர்ன் அடிக்கிறான்... எங்களுக்குப் பின்னாலயும் ஒருத்தன் உயிர வாங்குறான்...

இரு. இரு, இரு. மறுபடி அடிச்சானா? ஃபோன்லயும் கேக்குது, பின்னாலயும் கேக்குது. ஒங்க பஸ்ஸும் இரத்தினபுரி வழியாத்தான போகும், நீங்களும் கொடகவெல ஊரத் தாண்டிட்டீங்களா... ஐயோ ஜீவா, முன்னுக்குப் போ. ட்ரைவர்கிட்ட போய் கண்ணாடி வழியா பாரு. மஞ்சப் பெட்டி தெரியுதா... தெரியுதா! நாங்கதாண்டி அது!

பாத்துக்கிட்டே இரு. எதுக்க பெரிய லொறி வருது... வருது... போயிருச்சு. ஆடுச்சா? சொல்லு, ஆடுச்சா... இன்னொருக்கா சொல்லு, ஸ்பீக்கர்ல போடுறேன், ஒங்கண்ணன் கேக்கட்டும்... யாரு கைதட்டுறது? பஸ்ஸே பாக்குதா? கண்டக்டருமா!

அப்ப எறங்கு. சிங்களத்துல சத்தமா 'பஹினவா', எறங்கணும்னு சொல்லு, நிப்பாட்டுவாங்க... என்ன... ஏன் வரமாட்ட? ஆடலன்னு இப்பத்தான நீயே... ம்... ம்... பின் சீட்டுல ஒக்காரவே மாட்டியா. சரி, என் எடத்த எடுத்துக்க... அதுவும் வேணாமா? பின்ன எங்கதான்...

ம். ம். நெசந்தான். பக்கத்துல ஒக்காந்து அடுத்த ஆள் ஓட்டுறதப் பாக்குறதுதான் பயம். எனக்கும் கல்யாணம் கட்டுன நாள்ல இருந்து அப்படித்தான்... லைசன் இருக்கு, தெரியும், வாங்குன நாள்ல இருந்து ஒன்ன ஒரு தடவ தொட விட்டாரா? இரு, கேக்குறேன்.

என்னங்க, ஜீவா தான் ஓட்டுறதுன்னா வருவாளாம்.

பக்கக் கண்ணாடியப் பாக்குறாரு, ஜீவா... இல்ல, கோவமில்ல... ஓரங்கட்டுறாரு. ஜீவா, ஓரங்கட்டுறாரு! எறங்கு, எறங்கு. பேக் எங்க... கண்டக்டரே தூக்கிட்டு வாறாரா? அவருக்கு மொதக் கொத்து எனாமுன்னு சொல்லு...

தெரியுற, கண்ணாடியில தெரியுற. ஓடாத, பஸ்ஸு போகட்டும், பைய வா. எனக்கு அழுகையா வருது. நீ இல்லாம நான் யாரோட சண்ட போடுவேன்னு ஒரு வாரமா... இல்ல, அது அப்புறம். ஒங்கண்ணன் எறங்கி பின் சீட்டுல போய் ஒக்காந்துட்டாரு, ரெண்டு கையாலயும் முன் சீட்டுக் கம்பியப் புடிச்சுக்கிட்டு. நான் வைக்கிறேன். ட்ரைவர் பக்கக் கதவு தொறந்துதான் கெடக்கு, ஏறு.